அக்கா பிடித்த மூச்சு

அக்காவின் பெயரை நான் எழுதப்போவதில்லை. பெயரை எழுதினால் தெரு தெரிந்துவிடும். தெரு தெரிந்தால், அதில் எந்த வீட்டில் கல்லூரி போகிற வயதில் ஒரு பெண் இருந்தாள் என்று எங்கள் பக்கத்து ஆட்கள் டீ ஆறுவதற்குள் கண்டுபிடித்துவிடுவார்கள். அந்தப் பெண் யார் என்று வெளியே தெரியக்கூடாது என்பது சட்டம். சட்டம் இல்லாவிட்டாலும் நான் சொல்லமாட்டேன். ஆகவே காலடிப்பேட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். ராயபுரம் என்று வைத்துக்கொண்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. வாங்கி இரண்டு வருடத்தில் இரும்பு கேட் துருப்பிடித்துப்போகும் ஏதோ ஒரு தெரு.

நான் அப்போது மருந்துக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் எடுக்கமாட்டேன், எடுக்காததற்கும் சேர்த்துப் பயப்படுவேன். அக்கா எனக்குப் பக்கத்து வீடு. "உனக்கு பயந்தான்டி பொறந்த வூட்டு சீரு" என்பாள். சொல்லிவிட்டு, எங்கே போனாலும் என்னைத்தான் இழுத்துக்கொண்டு போவாள். கபடி பார்க்கப் போனதும் அப்படித்தான்.

எங்கள் பக்கத்துக் கல்லூரி ஒன்றுக்கு நல்ல கபடி அணி இருந்தது. அணியில் பாதிப் பேர் சுற்றுவட்டாரக் குப்பத்துப் பையன்கள். அதனால் அது கல்லூரி அணி என்பதைவிட எங்கள் அணி. அவர்கள் எங்கே விளையாடினாலும் இங்கிருந்து ஒரு கூட்டம் கிளம்பும். மஞ்சள் பனியன், தாரை, விசில், தலையில் கட்டிய ரிப்பன் என்று ஒரே கூச்சலாக இருக்கும். அந்தக் கூட்டத்தில் சத்தம் போடாத ஒரே ஆள் அக்கா.

எங்கள் ஆள் நடுக்கோட்டைத் தாண்டி, கபடி கபடி என்று பாட ஆரம்பித்ததும் அக்கா எழுந்து நிற்பாள். முந்தானையின் நுனியை வலது கையில் சுருட்டிப் பிடித்துக்கொள்வாள். வாய் மூடிக்கொள்ளும். மூச்சை உள்ளே இழுத்தவள் விடமாட்டாள். பையன் எதிராளிகளைத் தொட்டுவிட்டு வந்து நடுக்கோட்டில் கால் வைத்த பிறகுதான், புஸ்ஸென்று பெரிதாக ஒரு மூச்சு விட்டு உட்காருவாள். அவன் பாட்டை அவன் பாட, அவனுக்கான மூச்சை இவள் பிடித்துக்கொண்டிருப்பாள்.

ஒரு முறை நடுவில் தும்மல் வந்து மூச்சை விட்டுவிட்டாள். அதே நேரம் பையன் பிடிபட்டான். அதிலிருந்து கூட்டத்துக்கு ஒரு நம்பிக்கை பிறந்துவிட்டது. அக்காவின் மூச்சு இருக்கிறவரைக்கும் எங்கள் ஆளை எவனும் பிடிக்கமுடியாது. சிரிப்பாகத்தான் ஆரம்பித்தது. ஆனால் எங்கள் ஆட்களிடம் எதுவும் சிரிப்பாகவே இருந்துவிடாது. முன்வரிசையில் அக்காவுக்கென்று ஒரு இடம் பிடித்து, அதில் கைக்குட்டை போட்டு வைத்தார்கள். ரசிகர் கூட்டத்துக்குத் தலைவர் பேனர் கடை வைத்திருந்த ஒரு அண்ணன். பேனர் அண்ணன் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். ரெய்டு நடக்கும்போது சுண்டல்காரனோ ஐஸ்காரனோ அக்காவுக்கு முன்னால் வந்தால், அவர் பார்வையை ஆட்டத்திலிருந்து எடுக்காமலே கையை மட்டும் நீட்டித் தடுப்பார். "அக்காக்கு குறுக்கால வராத நைனா!" சுண்டல்காரன் அப்படியே நின்றுவிடுவான்.

அணியின் பெரிய ரெய்டர் ஒரு பையன். அவனுக்கும் பெயர் வேண்டாம். மெலிந்த உடம்பு, நீண்ட கால்கள். களத்தில் இறங்குமுன் அக்காவிடம் வந்து குனிவான். "யக்கா, மூச்சு ரெடியா?" அக்கா அவன் பனியனின் தோளை இழுத்துச் சரிசெய்வாள். "நீ போ கண்ணு. நான் கீறேன்." அவளுக்குப் பிள்ளை இல்லை என்பதால் அப்படி என்று தெருவில் சொன்னார்கள். அப்படியெல்லாம் இல்லை. அவன் நன்றாக ஆடுவான், அவளுக்கு ஆட்டம் பிடிக்கும், அவ்வளவுதான்.

அவள் இந்த மூச்சுப் பழக்கத்தை எங்கே பிடித்தாள் என்பது எனக்கு வெகுநாள் தெரியாது. வேலை பார்க்கிற இடத்துக்கு ஒரு நாள் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தபோதுதான் பார்த்தேன்.

அக்காவுக்குக் கண்டெய்னர் யார்டில் வேலை. கப்பலில் வந்து சரக்கு இறக்கிய காலிப் பெட்டிகளைக் கூட்டிக் கழுவ வேண்டும். சிலதில் மிளகாய் வந்திருக்கும். சிலதில் தோல். சிலதில் பூச்சிக்கு மருந்தடித்து மூடியிருப்பார்கள், கதவைத் திறந்தாலே கண் எரியும். திறந்து ஆறப்போட்டு அப்புறம்தான் உள்ளே போகவேண்டும். ஆனால் லாரிக்காரன் வெளியே ஹார்ன் அடித்துக்கொண்டிருப்பான், மேஸ்திரி கத்துவான். அதனால் பெண்கள் தாங்களே ஒரு முறை வைத்திருந்தார்கள். ஒருத்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு துடைப்பத்தோடு உள்ளே போவாள். இன்னொருத்தி கதவருகில் நிற்பாள். நிற்கிறவளும் அதே நேரத்தில் மூச்சைப் பிடிக்கவேண்டும். அதுதான் அவர்களுடைய கணக்கு. நிற்கிறவளுக்கு முட்ட ஆரம்பித்தால், உள்ளே வேலை செய்கிறவளுக்கு அதற்கு முன்பே முட்டியிருக்கும். உடனே கையால் பெட்டியின் பக்கவாட்டில் ஓங்கித் தட்டுவாள். உள்ளே இருப்பவள் துடைப்பத்தைப் போட்டுவிட்டு வெளியே ஓடிவருவாள்.

நான் போனபோது அக்கா கதவருகில் நின்றுகொண்டிருந்தாள். முந்தானை நுனி கையில் சுருண்டிருந்தது. என்னைப் பார்த்தாள், ஆனால் பேசவில்லை. தூக்குவாளியை நீட்டினேன், வாங்கவில்லை. பிறகு திடீரென்று இரும்பில் டம் டம்மென்று தட்டினாள். உள்ளேயிருந்து ஒரு பெண் இருமிக்கொண்டே வெளியே வந்து விழுந்தாள். அக்கா அவளைத் தரையில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் என்னிடம் திரும்பினாள்.

"உள்ள போறது ஒரு மேட்டரே இல்லடி. வெளிய வர்றதுக்கு மூச்ச மிச்சம் வெச்சிக்கணும். அத்த மறந்துடுவாளுங்க. அதுக்குத்தான் ஒருத்தி கதவாண்ட நிக்கோணும்."

அந்த வருடம் எங்கள் அணி ஒரு பெரிய போட்டியில் ஜெயித்தது. கல்லூரியில் பாராட்டு விழா வைத்தார்கள். அந்தப் பெண்ணும் விழாவுக்குப் போயிருந்தாள்.

அவள் எங்கள் தெருப் பெண். அதே கல்லூரியில் படித்தாள். போட்டிகளில் அக்காவுக்கு அந்தப் பக்கம் அவள் உட்காருவாள், இந்தப் பக்கம் நான். அவள்தான் அணிக்கு வீடியோ எடுத்துப் போடுகிறவள். ரெய்டு நடக்கும்போது போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "போடு போடு போடு!" என்று அவள் கத்துவது வீடியோவிலும் கேட்கும். அந்தக் குரலுக்காகவே அதைப் பார்க்கிறவர்கள் இருந்தார்கள். எனக்கும் அந்தக் குரல் பிடிக்கும். பயமே தெரியாத குரல்.

விழா முடிந்த சாயங்காலத்துக்குப் பிறகு அவள் வெளியே வரவில்லை. காய்ச்சல் என்றாள் அவள் அம்மா. காய்ச்சலுக்கு என் கடையில்தான் மாத்திரை வாங்கினாள். பிறகு யாரோ சொன்னார்களென்று தர்காவுக்குக் கூட்டிப்போய் ஓதிக் கயிறு கட்டிக்கொண்டு வந்தாள். பெண் சாப்பிடவில்லை, குளித்தால் வெளியே வருவதில்லை, கையை விட்டு இறங்காத போனை அணைத்து அரிசி டப்பாவுக்குள் போட்டுவிட்டாள். அக்காதான் அதைக் கேட்டதும் நிமிர்ந்து பார்த்தாள். "போன அரிசிக்குள்ள போட்டாளா?" என்று இரண்டு தடவை கேட்டாள். பிறகு நேராக அந்த வீட்டுக்குப் போய், அம்மாவை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். என்னை வாசலில் நிறுத்தினாள்.

உள்ளே அந்தப் பெண்ணின் குரல் தணிவாகக் கேட்டது. வார்த்தைகள் கேட்கவில்லை, நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது மட்டும் தெரிந்தது. அக்காவிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. ஐயோ என்றோ, அப்புறம் என்றோ, யார் என்றோ ஒரு வார்த்தை இல்லை. ரொம்ப நேரம் கழித்து அந்தக் குரல் நின்றது. அதற்குப் பிறகு அக்காவின் மூச்சு கேட்டது. அந்தப் பெரிய மூச்சு எனக்கு நன்றாகத் தெரியும்.

வெளியே வந்த அக்காவின் முகத்தில் ரத்தமே இல்லை. "ரெண்டு பேருடி. விளையாட்டு சாமான் வெக்கிற ரூமு. வீடியோ எடுக்க வான்னு கூப்ட்டுகீறான்." யார் என்று நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள். "ஒருத்தன் நம்ம பையன்." பிறகு தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவன் பனியன் தோளைச் சரிசெய்கிற கை. அதை முந்தானையில் துடைத்துக்கொண்டு சொன்னாள். "செருப்ப மாட்டு. டேசனுக்குப் போணும்."

மகளிர் காவல் நிலையத்தில் அந்தப் பெண் சொல்லச் சொல்ல, அக்கா நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். நடுவில் அந்தப் பெண்ணின் குரல் நின்றுபோனது. இன்ஸ்பெக்டர் அம்மா காத்திருந்தார். அக்கா நாற்காலியின் முதுகில் உள்ளங்கையால் மெதுவாகத் தட்டினாள். அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள், தண்ணீர் குடித்தாள், மறுபடி சொன்னாள். புகார் பதிவானது. பையன்கள் இரண்டு பேரையும் கைது செய்தார்கள்.

அதன்பிறகு எங்கள் பக்கம் மாறிப்போயிற்று. இல்லை, மாறவில்லை, அதே அன்புதான். அந்த அன்பைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது. பஸ் ஸ்டாண்டு எதிரே பெரிய பேனர் வைத்தார்கள். பையன் ரெய்டு போகிற படம், பின்னால் கடல், கீழே "காத்திருக்கிறோம்". போனில் எல்லோரும் அவன் படத்தை முகப்பில் வைத்தார்கள். கோயிலில் அவன் பெயருக்கு அர்ச்சனை நடந்தது. தண்ணீர் லாரியிடம் குடத்தோடு நிற்கிற பெண்கள் சொன்னார்கள்: "அவதானே போனத் தூக்கினு அவன் பின்னாடியே சுத்தினா?" அவள் எடுத்த வீடியோக்களையே வெட்டி, அந்த "போடு போடு போடு" குரலை மட்டும் எடுத்து, எல்லோருக்கும் அனுப்பினார்கள். ரசித்தவள்தானே, ஆசைப்பட்டவள்தானே, இப்போது என்ன வந்தது? இதுதான் அவர்களுடைய வாதம். அந்தக் குரல் மருந்துக்கடைக்கு வருகிறவர்களின் போனிலிருந்து கேட்கும்போதெல்லாம் நான் பில்லில் தப்பாக அடித்தேன்.

பேனர் அண்ணன் அக்காவைத் தேடி வீட்டுக்கே வந்தார். கூட நாலைந்து பேர் வந்து தெருவில் நின்றார்கள். அவர் மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார். மிரட்ட வரவில்லை. கண்ணெல்லாம் சிவந்திருந்தது. நான் அக்காவின் அடுப்படியில் நின்று, கரண்டியைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

"யக்கா, வேல வர்ற நேரம் அவனுக்கு. கவர்மெண்டு வேல. விளையாட்டு கோட்டால பேரு வந்துகீது. அவங்க அப்பன் போட்ல வல இஸ்து இஸ்து இடுப்பு பூட்ச்சி. இப்ப போச்சுன்னா அந்த வூடே பூடும்."

அக்கா தண்ணீர்ச் சொம்பை அவர் பக்கம் தள்ளினாள்.

"தப்பே பண்ணலன்னு நான் சொல்ல வர்லக்கா. எனக்கு தெர்ல. ஆனா நீ ஒரு வார்த்த சொன்னா அந்தப் பொண்ணு கேக்கும். வாபஸ் வாங்கிகிட்டா அதுக்கும் நல்லது. நாளைக்கு அத்த எவன் கட்டுவான்?"

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"அது மூச்சு முட்டி வெளிய வந்துகீதுப்பா. மறுபடியும் உள்ள போம்மான்னு நான் சொல்லணுமா?"

அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை. எழுந்து போகும்போது வாசலில் நின்று, "உன் மூச்சுலதான் அவன் ஆடுனான்" என்றார். அது குற்றச்சாட்டா, கெஞ்சலா என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. மறுநாள் காலையில் அக்காவின் வாசலில் மீன் குடலும் செதிலும் கொட்டிக் கிடந்தது. அவர் கொட்டியிருக்கமாட்டார் என்று நான் நினைக்கிறேன். அக்கா கழுவிவிட்டு வேலைக்குப் போனாள்.

பையன் ஜாமீனில் வந்தான். கல்லூரி அவனை அணியில் சேர்க்கவில்லை. ஆனால் குப்பத்துப் போட்டி ஒன்றில் ரசிகர்கள் தங்கள் பெயரிலேயே ஒரு அணி சேர்த்து அவனை இறக்கினார்கள். முகத்துவாரக்குப்பம் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் திரும்பி வருகிற ஆட்டம் என்று தெருவெல்லாம் பேச்சு. அக்கா வருவாளா மாட்டாளா என்பதும் பேச்சுதான். பேனர் அண்ணன் யாரையும் அனுப்பவில்லை. ஆனால் முன்வரிசையில் அந்த இடத்தில் கைக்குட்டை போட்டிருந்தார்கள் என்று சேதி வந்தது.

"நான் போறேன், நீயும் வா" என்றாள் அக்கா.

நான் வேண்டாமென்று கெஞ்சினேன். நீ போனால் அவன் பக்கம் சேர்ந்துவிட்டாய் என்று அந்தப் பெண் நினைக்கும் என்றேன். அக்கா தலையை வாரிக்கொண்டே, "அதுகிட்ட சொல்லிட்டுத்தான் போறேன்" என்றாள். என்ன சொன்னாள் என்று என்னிடம் சொல்லவில்லை.

நாலு மணி வெயில். மணலில் கோடு போட்டிருந்தார்கள். அக்கா நடந்து வந்ததும் கூட்டம் விலகி வழிவிட்டது. ஒருவன் விசிலடித்தான். கைக்குட்டையை எடுத்துவிட்டு அக்கா உட்கார்ந்தாள். அவளுக்கு அந்தப் பக்கத்து இடம் காலியாக இருந்தது. யாரும் அதில் உட்காரவில்லை. பையன் களத்தில் இறங்குமுன் இந்தப் பக்கம் வந்தான். மெலிந்துபோயிருந்தான். வழக்கம்போலக் குனிந்தான், ஆனால் ஒன்றும் கேட்கவில்லை. அக்காவும் அவன் தோளைத் தொடவில்லை. அவள் கை மடியிலேயே இருந்தது. சற்று நின்றுவிட்டு அவன் போனான்.

அவன் ரெய்டு வந்தது. நடுக்கோட்டைத் தாண்டிப் பாட ஆரம்பித்தான். கூட்டத்தில் பாதிப் பேர் அவனைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்த்தார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

"நாளைக்கு இன்னாடி கொயம்பு?"

நான் களத்தைப் பார்த்தேன்.

"உன்னத்தான்டி கேக்குறேன். வாள மீனு வாங்கலாமா? விக்கிற வெலைக்கு ஒன்னியும் வாங்க முடில. மாங்கா போட்டு நெத்திலி வெச்சா ஒனக்கு புடிக்குமே."

தாரையும் விசிலும் நின்றுபோயிருந்ததால் அவள் குரல் கடைசி வரிசைவரைக்கும் கேட்டது. மெதுவாகவும் இல்லை, கத்தவும் இல்லை. ஒவ்வொரு வார்த்தைக்கும் நன்றாக மூச்சு விட்டு மூச்சு வாங்கிப் பேசினாள். "புளி கம்மியா போடணும்டி. போன வாட்டி உங்க வூட்ல வெச்சது ஒரே புளிப்பு." களத்திலிருந்து அவன் ஒரே ஒரு தடவை இந்தப் பக்கம் பார்த்தான். பார்த்த அந்த நேரத்தில் எதிராளி ஒருவன் அவன் கணுக்காலைப் பிடித்தான், மற்றவர்கள் மேலே விழுந்தார்கள்.

பிறகு ஒரு தண்ணீர் பாக்கெட் வந்து என் தோளில் உடைந்தது. அதன்பிறகு மணல், செருப்பு, வாயால் சொல்லக்கூடாத வார்த்தைகள். அக்கா எழுந்து புடவையை உதறிக்கொண்டு, அவசரப்படாமல் நடந்தாள். நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு போனேன். பேனர் அண்ணன் கூட்டத்துக்கும் எங்களுக்கும் நடுவில் வந்து நின்றார். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, "போய்டுக்கா. இனிமே வராத" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா தரையில் உட்கார்ந்து அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். "கால இஸ்தானுங்களே, என் காலயே இஸ்தா மாதிரி இருந்துச்சிடி. எழுந்துடுவேனோன்னு பயந்துட்டேன். அதான் வாய் மூடாம பேசிகினே இருந்தேன்." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அவன் கதவாண்ட இனிமே நான் நிக்க முடியாது. நின்னா, அந்தப் பொண்ணு கதவாண்ட எப்டி நிப்பேன்?"

இதெல்லாம் ஒரு ஆட்டத்தோடு முடிகிற விஷயமில்லை. வழக்கு இழுத்தது. அந்தப் பெண் அந்தக் கல்லூரியை விட்டு, வேறொரு இடத்தில் படிக்கச் சேர்ந்தாள். அவள் அம்மா மூன்று நாளைக்கு ஒரு முறை வாபஸ் வாங்கிவிடலாம் என்பாள், பிறகு அழுவாள். அக்கா அந்த வீட்டில் போய் எதுவும் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு வருவாள். தெருவில் பலர் அவளோடு பேசுவதில்லை. தண்ணீர் லாரியில் அவள் குடத்தைக் கடைசியில் தள்ளினார்கள். எனக்கும் கடையில் முணுமுணுப்பு வந்தது. என் வீட்டுக் கதவை ஒரு நாளில் எத்தனை தரம் பூட்டிப் பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

அந்தப் பெண் கோர்ட்டில் சாட்சி சொல்லவேண்டிய நாள் வந்தது. அவள் உள்ளே போய்ச் சொல்லாவிட்டால் வழக்கு நிற்காது என்று அரசு வக்கீல் சொல்லியிருந்தார். உள்ளே வேறு யாரையும் விடமாட்டார்கள், கதவை மூடிவிடுவார்கள். அம்மாவும் ஒரு சாட்சி என்பதால் அவளும் கூட இருக்கமுடியாது.

நாங்கள் போனபோது தாழ்வாரம் முழுக்க மஞ்சள் பனியன். யாரும் எதுவும் சொல்லவில்லை, செய்யவில்லை. வெறுமனே வரிசையாகச் சுவரில் சாய்ந்து நின்றார்கள். அது போதுமானதாக இருந்தது. அந்தப் பெண் அவர்களைப் பார்த்தாள். அவர்களில் பாதிப் பேரை அவள் தன் போனில் படம் பிடித்திருக்கிறாள், பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாள். பெஞ்சில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

"யக்கா, என்னால முடியாது. திரும்பிப் போய்டலாம்."

அவள் உதடு வெளுத்திருந்தது. உள்ளேயிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். போய்விடலாம் என்று நானே சொல்லிவிடுவேனோ என்று வாயைக் கையால் மூடிக்கொண்டேன்.

அக்கா அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். "போக முடிலன்னா வோணாம். நீ இன்னா சொல்றியோ அதான். ஒன்னியே ஒன்னு. போனீன்னா, நான் கதவாண்ட நிக்கிறேன். முட்டுச்சின்னா ஜட்ஜம்மாகிட்ட தண்ணி கேளு. நிறுத்து. அப்பால பேசு. மிச்சம் வெச்சிகினு பேசு."

அந்தப் பெண் எழுந்து, துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு, மஞ்சள் பனியன்களைக் கடந்து உள்ளே போனாள். கதவு மூடியது.

அக்கா கதவருகில் போய் நின்றாள். முந்தானை நுனியைச் சுருட்டிப் பிடித்தாள். வாய் மூடிக்கொண்டது.

மணிக்கணக்கில் மூச்சைப் பிடிக்க மனுஷியால் முடியுமா? முடியாதுதான். பிடிப்பாள், முட்டும், விடுவாள். மறுபடி பிடிப்பாள். யார்டில் ஒரு பெட்டியைக் கழுவி முடிக்கிறவரைக்கும் அப்படித்தான் மாற்றி மாற்றி நிற்பார்களாம். அன்றைக்கு மாற்றிவிட ஆள் இல்லை. நெற்றி நரம்பு புடைத்துக்கொண்டது. உள்ளேயிருந்து வக்கீலின் குரல் உரத்துக் கேட்டது, பிறகு அந்தப் பெண்ணின் குரல், பிறகு ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாத நேரத்தில் அக்கா மூச்சை இழுத்துப் பிடித்தவள் விடவே இல்லை. தாழ்வாரத்தில் பேச்சு குறைந்தது. மஞ்சள் பனியன்கள் எல்லோரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் அப்படி நிற்பதைப் பார்த்துப் பழகிய கண்கள்.

அப்போது டீக்காரர் ஒருவர் கேனும் கப்புமாக வந்தார். அக்காவுக்கும் கதவுக்கும் நடுவில் புகுந்து போகப் பார்த்தார். சுவரோரமிருந்து ஒரு கை நீண்டு அவரைத் தடுத்தது.

"அக்காக்கு குறுக்கால வராத நைனா."

பேனர் அண்ணன். பார்வை அக்காவின் மேலேயே இருந்தது. சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது. நீட்டிய கை அப்படியே நின்றது. அதை இறக்கவும் அவரால் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை. பக்கத்தில் நின்ற பையன்கள் அவரைப் பார்த்தார்கள். டீக்காரர் ஒன்றும் புரியாமல் வந்த வழியே திரும்பினார். அண்ணன் கையை இறக்கவே இல்லை.

உள்ளே அந்தப் பெண்ணின் குரல் மறுபடி கேட்டது. தெளிவாகக் கேட்டது. இந்த முறை நிற்கவில்லை.

அதற்கு மேல் வழக்கில் என்ன நடந்தது என்று எழுதினால் அது எந்த வழக்கு என்று தெரிந்துவிடும். அதனால் எழுதமாட்டேன். நான் கல்யாணமாகி அந்தத் தெருவை விட்டு வந்துவிட்டேன். அந்தப் பெண் வேறொரு ஊரில் இருக்கிறாள், வேலைக்குப் போகிறாள். அக்கா இன்னும் யார்டுக்குப் போகிறாள் என்று சொன்னார்கள். எங்கே கூட்டமாக யாராவது யாருக்காவது கத்தினாலும், நான் அதில் கத்தாமல் நிற்கிற ஆள் யார் என்று தேடுகிறேன்.

அன்றைக்குக் கடைசியில் கோர்ட்டுக் கதவு திறந்தது. அந்தப் பெண் வாசற்படியில் கால் வைத்து வெளியே வந்தாள். முகம் நனைந்திருந்தது, ஆனால் தலை நிமிர்ந்திருந்தது. அக்கா மூச்சை விட்டாள்.

அவள் ஒருத்தி மட்டும் விடவில்லை. எனக்குப் பின்னால், சுவரோரமாக, அடக்கிவைத்த மூச்சுகள் பல ஒரே நேரத்தில் வெளியே வந்தன. யார் யார் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.